மின்கட்டண விசாரணையில் மக்கள் தரப்பின் செலவை யார் கொடுப்பது?

மின்கட்டணத்தை மாற்றக் கோரும் விண்ணப்பம் வரும்போது இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணம் மாகாணமாக மக்களிடம் வாய்மூலக் கருத்துக் கேட்கிறது. ஊவா மாகாணத்துக்கான அமர்வு பதுளையில் நடப்பது வழக்கம். யாரும் வரலாம், யாரும் பேசலாம். நுழைவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. பசறையிலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். கோணக்கலையிலிருந்தோ டெமேரியாவிலிருந்தோ எல்டெப்பிலிருந்தோ வருபவர் தோட்டப் பாதையைக் கடந்து முதலில் பசறைக்கு இறங்க வேண்டும். அமர்வு வேலை நாளில் என்றால் அன்றைய பெயர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். இத்தனைக்கும் பிறகு அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் அவரால் சொல்ல முடிவது "பில் கட்ட முடியவில்லை" என்பதுதான். அது உண்மை. ஆனால் எரிபொருள் செலவு, நீர்மின் உற்பத்தி மதிப்பீடு, கடன் வட்டி, விநியோக இழப்பு என்று அட்டவணை அட்டவணையாக வைக்கப்படும் ஒரு விண்ணப்பத்தை அந்த உண்மை மட்டும் அசைத்துவிடாது. அதை அசைக்க எதிர்க்கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போடுபவருக்கு யார் பணம் கொடுப்பது?

கணக்குப் பார்த்தால் என்ன நடக்கும்?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதைக் கடந்த சில ஆண்டுகளின் மின்கட்டணமே சொல்லும். 2022 ஓகஸ்ட்டுக்கு முன்னர் மாதம் 30 அலகு பாவித்த வீட்டின் பில் 105 ரூபா. அந்த ஓகஸ்ட் உயர்வுக்குப் பிறகு அது 360 ரூபா. 2023 பெப்ரவரியில் மீண்டும் உயர்ந்தபோது 1,300 ரூபா. ஆறு மாத இடைவெளியில் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதாவது, ஓரிரு மின்குமிழும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள லயன் வீட்டின் மின்கட்டணம் ஒரு முழு நாள் உழைப்பையும் தாண்டியது. 2023இல் கட்டணம் செலுத்தாத காரணத்தால் நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாக நாடாளுமன்றக் குழுவில் தெரிவிக்கப்பட்டது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் கட்டணத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கவே மின்சார சபை கேட்டது. மக்கள் கருத்துக் கேட்பும் ஆணைக்குழுவின் சொந்தக் கணக்கும் முடிந்தபோது 20 வீதம் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் சபை 18.3 வீத உயர்வு கேட்டது, 15 வீதம் கிடைத்தது. ஒக்டோபரில் 6.8 வீதம் கேட்டது, ஆணைக்குழு மறுத்துவிட்டது.

இந்த மூன்று சந்தர்ப்பங்களும் ஒன்றைத்தான் காட்டுகின்றன. விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கும் எண் இறுதியானதல்ல. யாராவது உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அது மாறும். ஆணைக்குழு அந்த வேலையைச் செய்தது நல்ல விடயம். ஆனால் எப்போதும் அதை மட்டுமே நம்பியிருக்க முடியுமா? 2023 உயர்வை வெளிப்படையாக எதிர்த்த ஆணைக்குழுவின் அப்போதைய தலைவர் ஜனக ரத்நாயக்க, அதே ஆண்டு மே 24ஆம் திகதி நாடாளுமன்றத்தில் 123க்கு 77 என்ற வாக்குகளால் பதவி நீக்கப்பட்டார். அவருடைய செயற்பாடுகள் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டாளரின் துணிவு அரசியல் காற்றுக்கு ஏற்ப மாறக்கூடியது என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் ஆணைக்குழுவுக்கு வெளியே, பாவனையாளர் பக்கத்தில், கணக்குத் தெரிந்த ஒரு தரப்பு வேண்டும்.

ஒரு தரப்பின் செலவை நாம் ஏற்கெனவே கொடுக்கிறோம்

மின்சார சபை தன் விண்ணப்பத்தைத் தயாரிக்கும்போது அதன் பொறியியலாளர்கள், கணக்காளர்கள், சட்ட அதிகாரிகள் எல்லோரும் சம்பளம் வாங்குகிறார்கள். அந்தச் சம்பளம் நிறுவனத்தின் செலவு. நிறுவனத்தின் செலவு கட்டணத்தில் சேர்கிறது. ஆணைக்குழுவின் செலவும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் செலுத்தும் அறவீடுகளிலிருந்தே வருகிறது. அதுவும் சுற்றி வந்து பில்லில்தான் சேரும். ஆக, கட்டணத்தை உயர்த்தக் கேட்பவரின் செலவையும் தீர்ப்புச் சொல்பவரின் செலவையும் லயன் வீட்டுப் பாவனையாளர் ஏற்கெனவே கொடுத்து வருகிறார். அவருக்காகப் பேசும் ஒருவரின் செலவுக்கு மட்டும் எங்கேயும் இடமில்லை.

இந்த இடைவெளியை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே சட்டத்தால் நிரப்பியது. அங்கே பாவனையாளர் அமைப்புகள் கட்டண வழக்குகளில் தங்கள் செலவைத் திருப்பிக் கேட்டபோது, கட்டண நிர்ணய விசாரணையில் அப்படிக் கொடுக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1979இல் சொன்னது. சட்டமன்றம் 1984இல் அந்த அதிகாரத்தைச் சட்டமாகவே எழுதிக் கொடுத்தது.

ஏற்பாடு எளிமையானது. பங்கேற்க விரும்பும் அமைப்பு தொடக்கத்திலேயே தன் நோக்கத்தை அறிவிக்க வேண்டும். உதவி இல்லாமல் பங்கேற்பது தனக்குக் கடுமையான நிதிச் சுமை என்று காட்ட வேண்டும். தீர்ப்பு வந்த பின், தன் வாதமோ சான்றோ முழுமையாகவோ பகுதியாகவோ தீர்ப்பில் ஏற்கப்பட்டிருப்பதை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் சட்டத்தரணிக்கும் நிபுணருக்கும் ஆன நியாயமான செலவு கிடைக்கும். அதை மின் நிறுவனம் கொடுத்துவிட்டு, கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளும். ஒரு வீட்டின் பங்கு மிகச் சிறியது. 1973இல் தொடங்கப்பட்ட டேர்ன் போன்ற அமைப்புகள் பல பத்தாண்டுகளாக முழுநேரச் சட்டத்தரணிகளை வைத்து மின் நிறுவனங்களோடு மோத முடிவதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கிய காரணம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் எரிசக்திச் சபை பங்கேற்பாளரின் செலவைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட முடியும்.

இந்தியா பாதி வழி வந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 94(3) பிரிவு, பாவனையாளர் நலனுக்காக வாதாட ஒருவரை ஆணைக்குழுவே அங்கீகரிக்கலாம் என்கிறது. மகாராஷ்டிராவில் மும்பை கிராஹக் பஞ்சாயத், பூனாவின் பிரயாஸ் போன்ற அமைப்புகள் இந்தப் பிரிவின் கீழ் அங்கீகரிக்கப்பட்டன. கட்டண விசாரணைகளில் அவற்றின் கணக்குக்குத் தனி மரியாதை உண்டு.

இலங்கையில் இருப்பது பாவனையாளர் ஆலோசனைக் குழுவும், எழுத்து மூலமும் வாய்மூலமும் கருத்துச் சொல்லும் உரிமையும்தான். செலவைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை. சட்ட உதவி ஆணைக்குழு நீதிமன்ற வழக்குகளை மையமாகக் கொண்டது. பொருளாதார நெருக்கடி வழக்கில் உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு கொடுக்க உத்தரவிட்டது. பொதுநலனுக்காக வந்தவரின் செலவு திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதல்ல. அது நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

கொழும்பில் யாரும் கேட்காத கேள்வி

மக்கள் தரப்பில் கணக்குப் பார்க்க ஆள் இருந்தால் மலையகத்துக்கு என்ன கிடைக்கும்? ஒரு உதாரணம். லயன்களில் பிள்ளைகள் திருமணம் முடித்த பின்னரும் அதே அறையை நீட்டிக் குடியிருப்பது சாதாரணம். ஒரே மீற்றரில் இரண்டு குடும்பங்கள். 2025 ஜூன் கட்டணப்படி 30 அலகு பாவிக்கும் வீட்டுக்கு வரி நீங்கலாக 215 ரூபா. தனித்தனி மீற்றர் இருந்தால் இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து 430 ரூபா. ஒரே மீற்றரில் 60 அலகு ஓடினால் 585 ரூபா. அடுத்த படிக்குப் போவதால் அலகு விலையும் நிலையான கட்டணமும் கூடுகின்றன. குறைந்த பாவனைக்கென்று கொடுக்கப்படும் சலுகை, தனி வீடு இல்லாதவருக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை.

தனி மீற்றர் எடுக்கலாமே என்று கேட்கலாம். நிலமும் லயனும் தொழிலாளியின் பெயரில் இல்லை. இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் என்ற கேள்வி வந்து நிற்கும். ஆக இது கட்டணப் பிரச்சினை மட்டுமல்ல, காணிப் பிரச்சினையும்தான். இதை ஒரு தோட்டத்தின் பில்களைத் திரட்டி, குடும்பங்களை எண்ணி, அட்டவணையாக்கி, மாற்றுப் படிமுறை ஒன்றையும் சேர்த்து ஆணைக்குழுவின் முன் வைத்தால் அது புறந்தள்ள முடியாத வாதம். அதற்கு ஒரு கணக்காளரின் சில வார உழைப்பும், ஆங்கில ஆவணங்களைத் தமிழில் விளக்க ஒருவரும், வாதத்தை ஒழுங்காக எழுத ஒரு சட்டத்தரணியும் வேண்டும். தொழிற்சங்கச் சந்தா சம்பளப் பேச்சுவார்த்தைக்கே போதாதபோது இந்தச் செலவை யார் ஏற்பார்கள்?

ஆட்சேபங்கள்

இப்படி ஒரு நிதி வந்தால் அதற்காகவே அமைப்புகள் முளைக்கும் என்பது முதல் ஆட்சேபம். நியாயமான பயம்தான். அதற்கான பதிலும் கலிபோர்னியா முறையிலேயே இருக்கிறது. வந்து பேசியதற்காக அல்ல, தீர்ப்புக்கு உண்மையில் உதவியதற்காக மட்டுமே பணம். ஒரே வாதத்தைப் பலர் வைத்தால் ஒருமுறைதான் கொடுப்பனவு. யாருக்கு எவ்வளவு, எதற்காக என்பது பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பணம் பின்னால்தான் வரும் என்றால் கையில் பணமுள்ள அமைப்பே முன்வரும். கலிபோர்னியாவிலேயே கொடுப்பனவுகள் சட்டம் சொன்ன காலத்துக்குள் தீர்க்கப்படுவதில்லை என்று மாநிலக் கணக்காய்வாளர் 2013இல் சுட்டிக்காட்டினார். கொழும்பில் அலுவலகம் உள்ள அமைப்பு ஒரு வருடம் காத்திருக்கும். பசறையில் உள்ள ஒரு மாதர் சங்கத்தால் முடியாது. ஆகவே இங்கே ஒரு பகுதியை முற்பணமாகக் கொடுக்க வேண்டும். பயணம், மொழிபெயர்ப்பு, இழந்த நாட்சம்பளம் ஆகியவற்றைத் தீர்ப்போடு முடிச்சுப் போடாமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஆணைக்குழுவே பணம் கொடுத்தால் அதை விமர்சிப்பவருக்குக் கொடுக்குமா? இதற்குத்தான் சட்டம் தேவை. தகுதியும் உச்சத் தொகையும் கால எல்லையும் சட்டத்தில் இருந்தால், மறுக்கப்பட்டவர் காரணம் கேட்க முடியும்.

இப்போது ஏன்?

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இல் அதற்கு வந்த திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கின்றன. உற்பத்திக்கு ஒரு கணக்கு, பரிமாற்றத்துக்கு ஒரு கணக்கு, விநியோகத்துக்கு ஒரு கணக்கு என்று இனி வரும் விண்ணப்பங்கள் இன்னும் சிக்கலாகும். விதிகள் புதிதாக எழுதப்படும் காலத்தில் ஒரு பிரிவைச் சேர்ப்பது எளிது. எல்லாம் இறுகிய பிறகு கடினம்.

மலையக நாடாளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் ஒவ்வொரு கட்டண உயர்வின்போதும் கண்டன அறிக்கை விடுகிறார்கள். அறிக்கை அடுத்த நாள் பத்திரிகையோடு முடிந்துவிடும். பாவனையாளர் தரப்பின் செலவைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு பிரிவை அவர்கள் சட்டத்தில் சேர்த்துவிட்டால், அவர்கள் பதவியில் இல்லாத காலத்திலும் அது தோட்டத்துக்காகப் பேசிக்கொண்டிருக்கும்.