கோடைக்கால மேசையில் பழமும் கோழியும்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் ஒக்லாந்துக் கடற்கரைகளில் பொகுத்துகாவா மரங்கள் செந்நிறப் பூக்களைச் சொரியத் தொடங்கிவிடுகின்றன. பாடசாலைகள் நீண்ட விடுமுறைக்காக மூடப்படுகின்றன. தாயகத்தில் மார்கழி என்றால் மழையும் பனியும், திருவெம்பாவைக் காலத்து அதிகாலைக் குளிரும் நினைவுக்கு வரும். இங்கோ அதுவே கோடையின் வாசல். எமது தைப்பொங்கல் உச்சி வெயிலில் வருகின்றது. பருவங்கள் தலைகீழாகிப்போன இந்நாட்டிற்கு ஏற்றவாறு எமது உடைகளை மாற்றிக்கொண்டோம். வேலை நேரங்களையும் மாற்றிக்கொண்டோம். ஆனால், எமது குசினிகள் மாத்திரம் மாறவில்லை.

மாலை ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்திலோ துப்புரவுப் பணியிலோ வேலை முடித்து வீடு திரும்பும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மேற்குச் சூரியன் எட்டரை மணிவரை மறைவதில்லை. பலகையால் ஆன வீடு பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சி வைத்திருக்கின்றது. அந்தப் புழுக்கத்தில் நான்கு அடுப்புகளும் எரிய, சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, கோழிக் கறி என்று இரண்டு மணி நேரம் நின்று சமைக்கின்றாள். சாப்பாடு மேசைக்கு வரும்போது அவளுக்குப் பசி போய்விடுகின்றது. பிள்ளைகளோ வெக்கையில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுகின்றார்கள். எமது சமூகத்தில் இது ஒரு வீட்டின் கதையல்ல.

இந்த நிலைக்கு மாற்றாக நான் முன்வைக்க விரும்புவது ஒரு சிறிய விடயம். வாரத்தில் இரண்டு நாட்களாவது, கோடை முடியும்வரை, பழங்களும் கோழியிறைச்சியும் கலந்த ஒரு குளிர்ந்த சலாதினை இரவு உணவாக ஏற்றுக்கொள்வோம் என்பதே அது. இதனைக் கேட்டு முகம் சுளிப்போர் இருக்கின்றனர் என்பதை அறிவேன். எமது வீட்டில் முதன்முதலாக இதனைச் செய்தபோது மாமி ஒருவர், "கோழிக்குள்ளே பழத்தைப் போட்டால் அது கறியோ, பாயாசமோ?" என்று கேட்டார். கேள்வி நகைச்சுவையானதுதான். ஆயினும் அதன் பின்னே மூன்று ஆட்சேபனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மறுமொழி கூறவேண்டியது அவசியமாகின்றது.

முதலாவது, ஆறிய சாப்பாடு எமது வழக்கம் அல்ல என்பது. இதனைச் சொல்பவர்கள் பழஞ்சோற்றை மறந்துவிட்டார்கள் என்றே எண்ணத் தோன்றுகின்றது. இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்து, காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து உண்டுவிட்டுத் தோட்டத்திற்குப் போனவர்கள் எமது பாட்டன்மார். வெயில் நாட்டில் வாழ்ந்த எம்மவர்க்குக் குளிர்ந்த உணவின் அருமை நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டாவது, பழத்தை உறைப்போடும் உப்போடும் சேர்ப்பது முறையல்ல என்பது. கறுத்தக்கொழும்பான் மாங்காயை வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி உண்ணாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை உண்டோ? அன்னாசிப்பழத்தில் கறி வைப்பது இலங்கை எங்கணும் உள்ள வழக்கம். மாம்பழத்தில் பச்சடி செய்கின்றோம், புளிக்குழம்பும் வைக்கின்றோம். இனிப்பும் புளிப்பும் உறைப்பும் ஒரே கவளத்தில் சேர்வது எமது நாவிற்குப் புதியது அல்ல.

மூன்றாவது ஆட்சேபனை சற்று ஆழமானது. வெள்ளையரின் உணவை மேசைக்குக் கொண்டுவந்தால், பிள்ளைகள் எமது உணவையும் அதனோடு மொழியையும் பண்பாட்டையும் மறந்துவிடுவார்கள் என்ற அச்சம் அது. எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த ஒரு சமூகம் மிஞ்சியிருப்பதை இறுகப் பற்றிக்கொள்வது இயல்பே. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால், எமது சொந்தக் குசினியைத் திரும்பிப் பார்ப்போம். "குசினி" என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. "பாண்" என்பதும் அவ்வாறே. நாம் இன்று உயிராகக் கொள்ளும் மிளகாயும், கறி வைக்கும் அன்னாசியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக எம்மிடம் வந்தவை. வந்தவற்றை எல்லாம் எமது கைப்பக்குவத்தினால் எமதாக்கிக்கொண்டோம். அதனால் நாம் தமிழர் அல்லாதவர் ஆகிவிடவில்லை.

மேலும், இந்தச் சலாதின் வரலாற்றிலேயே எமது பங்கு உண்டு. 1953ஆம் ஆண்டு யூன் மாதம் இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் முடிசூட்டு விழா இலண்டனில் நடைபெற்றபோது, விருந்தினருக்காக றோஸ்மேரி ஹியூம், கொன்ஸ்ரன்ஸ் ஸ்பிறை ஆகிய இரு பெண்மணிகளின் சமையற் பாடசாலை ஒரு கோழி உணவைத் தயாரித்தது. அவித்து ஆறவைத்த கோழியிறைச்சியைக் கறித்தூளும் அப்ரிக்கொட் பழக்கூழும் கலந்த குழம்பில் தோய்த்துப் பரிமாறினார்கள். "முடிசூட்டுக் கோழி" என்று பெயர் பெற்ற அவ்வுணவு பின்னர் ஆங்கிலம் பேசும் நாடுகள் பலவற்றிலும் பரவியது. எமது கறித்தூள் இல்லாவிடில் அந்த அரச விருந்தின் கோழிக்குச் சுவையேது? ஆதலால், பழக் கோழிச் சலாதினை நாம் செய்வது பிறர் வீட்டு உணவை இரவல் வாங்குவதாகாது. எம்மிடமிருந்து போனதில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுவதேயாகும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஆறு பேர் உண்பதற்கு எலும்பில்லாத கோழியிறைச்சி முக்கால் கிலோ போதுமானது. ஒரு துண்டு இஞ்சி, சில மிளகு, உப்பு, சிறிது மஞ்சள், கிடைத்தால் ஒரு துண்டு இரம்பை இலை ஆகியவற்றுடன், இறைச்சி மூழ்குமளவு நீரில் மெல்லிய நெருப்பில் அவிக்கவேண்டும். இறைச்சியின் தடித்த பகுதியை வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருத்தலாகாது. சாறு தெளிவாக ஓடவேண்டும். வெப்பமானி வைத்திருப்போர் நடுப்பகுதி 75 பாகை செல்சியஸை எட்டியதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆவி அடங்கியதும் சிறு துண்டுகளாக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடவேண்டும். அவித்த நீரை வீசவேண்டாம். மறுநாள் சூப்பிற்கு உதவும்.

பழங்களைப் பொறுத்தவரை, பருவத்தில் மலிவாகக் கிடைப்பதே சிறந்தது. மார்கழி முதல் மாசி வரை ஹோக்ஸ் பே பகுதியிலிருந்தும் ஒற்றாகோவின் உட்பகுதியிலிருந்தும் பீச், நெக்ரரின், அப்ரிக்கொட் பழங்கள் வந்து குவிகின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து மாம்பழம் வருகின்றது. இரண்டு பீச் அல்லது நெக்ரரின், ஒரு அப்பிள், பாதி மாம்பழம், ஒரு கைப்பிடி திராட்சை என்பது நல்ல அளவு. அப்பிளை வெட்டியவுடன் தேசிக்காய்ச் சாற்றில் பிரட்டிவிட்டால் கறுக்காது. நறுக்கென்று கடிபடுவதற்கு வெள்ளரிக்காய் அல்லது செலரி, மணத்திற்குப் புதினா, மேலே தூவுவதற்கு வறுத்த கச்சான் அல்லது மரமுந்திரிப் பருப்பு.

கலவைக்கு, இந்நாட்டுப் பழைய தலைமுறையினர் இனிப்பான ரின்பாலுடன் வினாகிரியும் கடுகுத்தூளும் உப்பும் அடித்துச் சேர்ப்பார்கள். எமது நாவிற்கு அது இனிப்பு மிகுதி. ஒரு கோப்பை தயிர், இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, உப்பு, பொடியாக அரிந்த ஒரு பச்சை மிளகாய் ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூளைச் சிறிது எண்ணெயில் மணம் வரும்வரை சூடாக்கி, ஆறியபின் அத்தயிரில் கலப்போம். இதுவே இந்தச் சலாதிற்கு எமது கையெழுத்து. பாணுடனும் உண்ணலாம், ஆறிய சோற்றுடனும் உண்ணலாம். சைவ உணவு உண்ணும் வெள்ளிக்கிழமைகளில் கோழிக்குப் பதிலாக அவித்த கொண்டைக்கடலையைச் சேர்த்தால் அதுவும் நன்றாகவே அமையும்.

ஒரு எச்சரிக்கை. பச்சை அன்னாசியிலும் பச்சைக் கிவிப் பழத்திலும் புரதத்தைக் கரைக்கும் நொதியங்கள் உண்டு. முதல் நாளே கலந்து வைத்தால் கோழி கூழாகிவிடும்; தயிரும் கசந்துவிடும். அவற்றை உண்ணும் வேளையிலேயே சேர்க்கவேண்டும். தகரத்தில் அடைத்த அன்னாசிக்கு இத்தொல்லை இல்லை. சூடாக்கும்போது அந்த நொதியம் அழிந்துவிடுகின்றது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடை ஞாயிறன்று நாம் குடும்பமாகக் கடற்கரைக்குச் சென்றோம். அதிகாலை ஆறு மணிக்குக் கோழிக் கறி சமைத்து, சூட்டோடு சட்டியை மூடித் துணியால் சுற்றி, வாகனத்தின் பின்பெட்டியில் வைத்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு உண்டோம். அன்றிரவே பிள்ளைகள் இருவருக்கும் வயிற்றோட்டம். இளையவள் துவண்டுபோய்ச் சுருண்டு கிடந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கின்றது. தவறு வேறெவருடையதும் அல்ல, எம்முடையதே. தாயகத்தில் காலையில் சமைத்த கறியை மாலைவரை சூடுகாட்டிச் சூடுகாட்டி உண்டோம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மூடிய வாகனத்தில் இளஞ்சூட்டில் எட்டு மணி நேரம் என்பது வேறு விடயம்.

சமைத்த உணவு ஒன்றில் 60 பாகைக்கு மேல் சூடாக இருக்கவேண்டும்; அன்றேல் 5 பாகைக்குக் கீழே குளிராக இருக்கவேண்டும். இடைப்பட்ட நிலையில் கிருமிகள் பெருகும். சமைத்த கோழியை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடவேண்டும். நான்கு மணி நேரத்திற்கு மேல் வெளியே இருந்ததை, எவ்வளவு மனம் வலித்தாலும், வீசிவிடவேண்டும். பசியை அறிந்த எமக்கு உணவை வீசுவது பாவம் என்றே படும். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுவது அதனிலும் கொடியது.

இன்னொரு வழக்கமும் மாறவேண்டும். கோழியை மஞ்சள் போட்டு மூன்று தரம் அலசிக் கழுவினால்தான் சுத்தம் என்று எமது தாய்மார் கற்றுத் தந்தார்கள். ஆனால், பச்சைக் கோழியைக் கழுவவேண்டாம் என்பதே இந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் அறிவுரை. குழாய் நீர் பட்டுத் தெறிக்கும் துளிகள் கம்பைலோபக்ரர் என்னும் கிருமியை அருகிலுள்ள பாத்திரத்திற்கும், வெட்டி வைத்த பழத்திற்கும் கொண்டுசென்றுவிடும். 2006ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் இக்கிருமியால் நோயுற்றோராகப் பதிவானவர்கள் 15,000 பேருக்கும் மேல். கோழி உற்பத்தியில் கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்ட பின்னர் அத்தொகை இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எனினும் நோய் அற்றுப்போய்விடவில்லை. சலாதில் பழம் பச்சையாகவே சேர்வதனால் இங்கு கவனம் இரட்டிப்பாகத் தேவை. மஞ்சளும் உப்பும் தேசிக்காயும் பூச விரும்பினால் கழுவாமலே பூசுங்கள். கிருமியைக் கொல்வது நெருப்பு. முதலில் பழங்களை வெட்டி மூடி வையுங்கள். கோழிக்கு வேறு பலகை, வேறு கத்தி எடுத்துக்கொள்ளுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

இறுதியாக ஆண்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கறியின் பக்குவம் எமக்குக் கைவராது என்று சொல்லி நாம் இதுவரை தப்பிவந்தோம். இந்தச் சலாதிற்குத் தாளிதம் இல்லை. பதம் பார்க்கவேண்டிய குழம்பும் இல்லை. இறைச்சியை அவிக்கவும் பழத்தை வெட்டவும் தெரிந்தால் போதும். இரவு வேலை முடித்து வரும் மனைவிக்காகக் கணவனும், விடுமுறையில் வீட்டிலிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையும் சேர்ந்து அரை மணி நேர வேலையில் இதனை முடித்துவிடலாம்.

நாடிழந்து வந்த எமக்கு எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் மேசையே எஞ்சிய ஊர். அந்த மேசையில் தாய் மாத்திரம் களைத்துப்போய் கடைசியாக வந்து அமர்வது முறையாகுமா? எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை அவளை முதலில் அமரச் செய்வோம். சலாதுக் கோப்பையை நாம் கொண்டுவந்து வைப்போம்.