ஒற்றைக் கோப்பை மீட்கத் தயாரா?

முழு சர்வரையும் எழுப்பித் தர வேண்டிய நாள் ஒரு நிர்வாகியின் பணிக்காலத்தில் எப்போதாவதுதான் வரும். அடிக்கடி வருவது வேறு மாதிரியான கோரிக்கை. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கூப்பிடுவார்: “சார், ஜிஎஸ்டி ஃபோல்டர்ல மார்ச் மாச ஷீட் இருந்துச்சு. யாரோ அது மேலயே சேவ் பண்ணிட்டாங்க. பழசு கிடைக்குமா? நாலு மணிக்குள்ள ஆடிட்டருக்கு அனுப்பணும்.” அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கோப்பு. நம் கையில் இருப்பதோ ஒரு முழு விஎம்மின் பேக்கப். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வேலையை நம்மில் பலர் கோரிக்கை வந்த பிறகுதான் முதன்முறையாகப் பார்க்கிறோம்.

தினமும் காலையில் பேக்கப் பட்டியலைத் திறக்கிறோம். எல்லா வரிசையும் பச்சையாக இருந்தால் நிம்மதியாக மூடிவிடுகிறோம். நகல் எடுத்தாகிவிட்டது என்பதைத்தான் அந்தப் பச்சை சொல்கிறது. அந்த நகலை மாட்டிப் பார்க்க ஓர் இயந்திரம், அதற்கு நெட்வொர்க் வழி, பூட்டைத் திறக்கும் சாவி, உள்ளே பார்க்கும் உரிமை ஆகிய எவையும் பேக்கப்புக்குள் இல்லை. இவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதும் பேக்கப் எடுப்பதைப் போலவே முதன்மையான பணி என்று இந்த இதழ் கருதுகிறது.

அஸூரையே எடுத்துக்கொள்வோம். போர்ட்டலில் ரெக்கவரி பாயிண்ட்டைத் தேர்ந்தெடுத்து, கோப்பு மீட்புக்கான ஸ்கிரிப்டையும் அதன் கடவுச்சொல்லையும் இறக்குகிறோம். விண்டோஸுக்கு ஓர் எக்ஸிகியூட்டபிள், லினக்ஸுக்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அதை ஓட்டினால், பேக்கப்பில் உள்ள டிஸ்குகள் ஐஸ்கசி வழியாக வந்து உள்ளூர் டிரைவ்களைப் போல நிற்கும். 12 மணி நேரத்துக்குள் வேண்டியதை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த இணைப்பு வெளியே போவது 3260 என்ற போர்ட் வழியாக. பாதுகாப்பில் அக்கறையுள்ள எந்த நிறுவனத்திலும் சர்வரிலிருந்து வெளியே போகும் போர்ட்டுகள் மூடியே இருக்கும். திறக்கச் சொல்லி டிக்கெட் போட்டால், மாற்ற மேலாண்மைக் குழு கூடி ஒப்புதல் தர இரண்டு நாள் ஆகலாம். ஆடிட்டருக்கு நாலு மணிக்கு வேண்டும். அந்தப் போர்ட்டைத் திறக்கும் ஒரு விதிக்கு, ஓர் இயந்திரத்துக்கு மட்டும், இன்றைக்கே ஒப்புதல் வாங்கி வைத்துவிடலாம். அவசரத்தில் ஃபயர்வாலை அகலத் திறப்பதைவிட அதுவே பாதுகாப்பானதும்கூட.

சரி, எந்த இயந்திரத்தில் ஓட்டுவது? பேக்கப் எடுத்த விஎம்மிலேயே ஓட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஸ்டோரேஜ் ஸ்பேஸஸ் பயன்படுத்தும் விண்டோஸ் சர்வரில் அது முடியாது. வேறு இயந்திரம் வேண்டும். 16 டிஸ்குகளுக்கு மேல் இருந்தாலும், ஒவ்வொன்றும் 4 டிபிக்கு மேல் இருந்தாலும் மூல விஎம்மிலேயே ஓட்டுவதை மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைப்பதில்லை. அஸூர் டிஸ்க் என்கிரிப்ஷன் போட்ட விஎம்மாக இருந்தால் இந்த வழியே கிடையாது. முழு விஎம்மையும் தனியாக மீட்டு, அதற்குள் போய்த்தான் கோப்பை எடுக்க வேண்டும். உங்கள் சர்வர்களில் எது எந்த வகை என்று பட்டியல் இருக்கிறதா?

லினக்ஸில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. எல்விஎம் ஒவ்வொரு வால்யூம் குரூப்பையும் பெயராலும் யூயூஐடியாலும் அடையாளம் காண்கிறது. மூல விஎம்மிலேயே பழைய டிஸ்கை மாட்டினால், ஒரே பெயரும் ஒரே யூயூஐடியும் கொண்ட இரண்டு குரூப்புகள் எதிரெதிரே நிற்கும். எல்விஎம் நகலெனச் சொல்லித் திறக்க மறுக்கும். வேறு இயந்திரத்துக்குப் போனால் தப்பிக்கலாம் என்று நினைப்போம். ஆனால் நம் விஎம்கள் பெரும்பாலும் ஒரே இமேஜிலிருந்து பிறந்தவை. எல்லாவற்றிலும் ரூட்விஜி என்ற அதே பெயர், உள்ளே அதே யூயூஐடி. ஆகவே அங்கேயும் அதே மோதல்தான். விஜிஇம்போர்ட்குளோன் கட்டளையால் மாட்டிய நகலுக்குப் புதுப் பெயரும் புது அடையாளமும் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால், அதே இமேஜின் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையும் தன் யூயூஐடி ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று மறுக்கும். நோயூயூஐடி என்ற ஆப்ஷனோடு மவுண்ட் செய்ய வேண்டும். இரண்டுமே ஒருமுறை செய்து பார்த்தவருக்கு ஐந்து நிமிட வேலை. பயனர் போனில் காத்திருக்க, முதன்முறையாக அந்தப் பிழைச் செய்தியைப் பார்ப்பவருக்கு ஒரு மதியப் பொழுதே போய்விடும். பதற்றத்தில் உண்மையான டிஸ்கின் பெயரை மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. மீட்பு வேலைக்கென்று, தன் டிஸ்கில் எல்விஎம் இல்லாத, வழக்கமான இமேஜிலிருந்து எடுக்காத ஒரு சிறிய லினக்ஸ் விஎம்மைத் தனியாகக் கட்டி அணைத்து வைத்துவிடுங்கள். அணைத்து வைத்த விஎம்முக்கு டிஸ்க் செலவுதான்.

கோப்பு கைக்கு வந்த பிறகும் பாதி வேலை பாக்கி. லினக்ஸில் உரிமையாளர் என்பது ஓர் எண்தான். மூலத்தில் 1003 என்பது அப்ளிகேஷன் பயனர். மீட்பு இயந்திரத்தில் அதே 1003 வேறு யாராகவோ இருக்கலாம். வெறும் சிபி கட்டளையில் நகலெடுத்தால் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகி, திரும்பப் போட்ட இடத்தில் அப்ளிகேஷன் அதைத் திறக்காது. ஆர்சிங்கில் உரிமை, ஏசிஎல், எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் எல்லாவற்றையும் காக்கும் ஆப்ஷன்களோடு, எண்ணை எண்ணாகவே கொண்டுபோகச் சொல்லி அனுப்ப வேண்டும். விண்டோஸில் எக்ஸ்ப்ளோரர் வழியாக இழுத்துப் போடுவதைவிட ரோபோகாப்பி நம்பகமானது. உரிய ஆப்ஷன்களோடு ஓட்டினால் நேரமும் ஏசிஎல்லும் மாறாமல் வரும். அனுமதியில்லை என்று எக்ஸ்ப்ளோரர் சொல்லும்போது “தொடர்க” பட்டனை அழுத்தினால், அது நம் பெயரை அந்த ஃபோல்டரின் ஏசிஎல்லில் சேர்த்துவிடுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏடபிள்யூஎஸ் பக்கம் வேறு கணக்கு. இபிஎஸ் ஸ்னாப்ஷாட்டிலிருந்து புது வால்யூம் உருவாக்கி, அதே அவெயிலபிலிட்டி ஸோனில் உள்ள இன்ஸ்டன்ஸில் மாட்ட வேண்டும். வால்யூம் உடனே தயார் என்று காட்டும். பிளாக்குகளோ தொடத் தொடத்தான் எஸ்3இலிருந்து இறங்கும், அதனால் முதல் வாசிப்பு மந்தமாகவே இருக்கும். கேஎம்எஸ் சாவிக்கு மீட்பவருக்கு அனுமதி இல்லையென்றால் வால்யூமே மாட்டாது. 2024 இறுதியில் ஏடபிள்யூஎஸ் பேக்கப்பில் கோப்புகளைத் தேடித் தனியாக மீட்கும் வசதி வந்தது நல்ல செய்தி. ஆனால் இன்டெக்ஸ் செய்த ரெக்கவரி பாயிண்ட்டுகளில்தான் தேட முடியும். செலவைக் குறைக்க ஆர்க்கைவ் அடுக்குக்குத் தள்ளிய இபிஎஸ் ஸ்னாப்ஷாட் திரும்பி வர 72 மணி நேரம் வரை ஆகலாம் என்பதைப் பயனரிடம் முதல் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

வேகத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. அஸூரின் கோப்பு மீட்பு மொத்தம் 10 ஜிபிக்குள் இருக்கும் கோப்புகளுக்குத்தான் பொருத்தம். மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி என்பதே எதிர்பார்க்க வேண்டிய வேகம். 40 ஜிபி ஃபோல்டரை இந்த வழியில் எடுக்க உட்கார்ந்தால் 12 மணி நேரக் கெடு முடிந்து இணைப்பு அறுந்துவிடும். அதற்கு டிஸ்கையே மீட்டு மாட்டுவதுதான் வழி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை நம் துறையில் பலரும் படித்திருப்போம். தவறான சர்வரில் ஓடிய ஒரு கட்டளையால் முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டர் அழிந்தது. எஸ்3இல் இருக்க வேண்டிய பேக்கப்புகள் பதிப்புப் பொருந்தாமையால் எடுக்கப்படவே இல்லை. அதை எச்சரித்த மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. பேக்கப் தோற்ற கதையாகத்தான் இதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அதே அளவு முக்கியமாகப்படுவது பின்பாதி: நல்ல நகல் கையில் கிடைத்த பிறகும், அது மெதுவான டிஸ்குகள் கொண்ட ஸ்டேஜிங் சூழலில் இருந்ததால், சேவை திரும்ப சுமார் 18 மணி நேரம் ஆனது. அந்த அறிக்கையைத் தயங்காமல் பொதுவெளியில் வைத்ததற்காக அந்த நிறுவனத்துக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

இனி, போனை எடுத்தவுடன் கேட்க வேண்டியவை. முழுப் பாதை என்ன? நீக்கப்பட்டதா, மேலே எழுதப்பட்டதா, இடம் மாறியதா? கடைசியாக எப்போது சரியாகப் பார்த்தீர்கள்? மூன்றாவது கேள்விதான் ரெக்கவரி பாயிண்ட்டைத் தீர்மானிக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை பேக்கப் என்றால், காலையில் உருவாகி மாலையில் அழிந்த கோப்பு எந்த நகலிலும் இருக்காது. 30 நாள் வைத்திருக்கும் கொள்கையில், நாற்பது நாள் முன்பு பாழான ஷீட் இன்றைய எல்லா நகல்களிலும் பாழாகவே இருக்கும். துறைத் தலைவர்களுக்கு இந்த இரண்டு உண்மைகளும் கோப்பு தொலைவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். டேட்டாபேஸ் கோப்புகளை மட்டும் தனியாக உருவி எடுத்து ஓடும் சர்வரில் போட யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அதற்கு அந்த டேட்டாபேஸின் சொந்த பேக்கப்தான் வழி.

உரிமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ரெக்கவரி பாயிண்ட்டை மாட்டுபவர் அந்த விஎம்மில் இருக்கும் எல்லாவற்றையும் படிக்க முடியும்: சம்பளப் பட்டியல், விசாரணைக் கோப்புகள், எப்போதோ நீக்கியவை உட்பட. ஆகவே யார் கேட்டார், யார் ஒப்புதல் தந்தார், எந்தப் பாதையிலிருந்து எது எடுக்கப்பட்டது என்பது டிக்கெட்டில் பதிவாக வேண்டும். வேலை முடிந்ததும் டிஸ்குகளைக் கழற்றி, மீட்பு இயந்திரத்தில் தங்கிய நகலையும் அழித்துவிட வேண்டும்.

இந்தக் காலாண்டுக்குள் ஒருமுறை ஒத்திகை பாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சோதனை விஎம்மில் வேண்டாம். எல்லோரும் தொடத் தயங்கும் அந்தப் பழைய கோப்பு சர்வரின் பேக்கப்பை எடுங்கள். கோரிக்கை வந்த நேரத்தையும், கேட்டவர் கோப்பைத் திறந்து “சரி” என்று சொன்ன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்பு இயந்திரத்தைக் கட்டியவர் அன்று கீபோர்டைத் தொடக் கூடாது. இரவுப் பணியில் இருக்கும் இளையவரிடம் குறிப்பேட்டை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தில் குறிப்பேட்டில் ஒரு வரி குறைகிறது. அதை அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.