நோராவாக நடித்தவர் யார்?

மொழிபெயர்ப்பு நாடகத்தின் மேடை வரலாற்றை எழுதும்போது மொழிபெயர்ப்பாளரையும் இயக்குநரையும் முதலில் குறித்துவிடுகிறோம். நடிகையின் பெயர் புகைப்படத்துக்குக் கீழே ஒதுங்கிவிடுகிறது. நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடு நாடாகப் போன கதை, இந்த வழக்கம் எவ்வளவு தவறு என்று காட்டுகிறது.

1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் அரங்கேறிய நாடகம் அடுத்த ஆண்டே ஜெர்மனிக்குப் போனது. கடைசியில் வீட்டைவிட்டு வெளியேறும் நாயகி நோராவாக அங்கே நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, பெற்ற பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று கடைசிக் காட்சியை மறுத்தார். பதிப்புரிமைப் பாதுகாப்பு அங்கே இல்லை. வேறொருவர் கைவைப்பதற்கு முன் இப்சனே மாற்று முடிவை எழுதித் தந்தார். குழந்தைகள் தூங்கும் அறைவரை கணவன் ஹெல்மர் நோராவை இழுத்துப் போகிறான், வாசலிலேயே அவள் சரிகிறாள், திரை. அந்த முடிவைக் காட்டுமிராண்டித்தனம் என்றே இப்சன் சொன்னார்.

ஜப்பானில் நடந்தது இதற்கு நேரெதிர். 1629இல் பெண்கள் மேடையேறத் தடை வந்ததிலிருந்து கபுகி என்னும் மரபு நாடகத்தில் பெண் வேடம் ஆண்களுடையது. நடை, குரல், கையசைவு எல்லாமே ஆண் உடல் வகுத்த இலக்கணம். கணவனை எதிரே உட்காரவைத்து, எட்டு வருட வாழ்க்கைக்குக் கணக்குக் கேட்கும் பெண்ணுக்கு அதில் இடமே கிடையாது. 1911இல் ஷிமாமுரா ஹோகெட்சு மொழிபெயர்த்து இயக்கிய ‘பொம்மை வீட்டில்’ நோராவாக நடித்த மட்சுயி சுமாகோ அந்த இடத்தைத் தானே உண்டாக்கினார். பெண்கள் நடத்திய ‘செய்த்தோ’ இதழ் 1912 ஜனவரியில் நோராவைப் பற்றித் தனிப்பகுதியே வெளியிட்டது. மொழிபெயர்ப்பு மட்டும் அச்சில் வந்திருந்தால் இந்தச் சூடு கிளம்பியிருக்காது என்பது என் துணிபு.

சீனாவில் ‘புதிய இளைஞர்’ இதழ் 1918இலேயே இப்சன் சிறப்பிதழ் போட்டது. வீட்டைவிட்டுப் போன நோரா என்ன ஆவாள் என்று 1923இல் எழுத்தாளர் லூ ஷுன் பெய்ஜிங் மாணவிகளிடம் பேசினார். கையில் காசில்லாத விடுதலை நிலைக்காது என்றார். 1935இல் ஷாங்காயில் லான் பிங் நோராவாகப் பெயர் வாங்கினார். பின்னாளில் மாவோவின் மனைவியான சியாங் சிங் இவர்தான். அதே ஆண்டு நான்ஜிங்கில் நோராவாக நடித்த பள்ளி ஆசிரியைக்கு வேலை போயிற்று. லூ ஷுன் சொன்ன காசுக் கணக்கு மேடையில் நின்றவரின் தலையிலேயே விடிந்தது.

இனி நம் இதழுக்கு மேடையேற்றக் குறிப்பு அனுப்புபவர்கள் நடித்தவர் பெயரோடு நிறுத்த வேண்டாம். ஒத்திகையில் அவர் எந்த வரியை ஏற்றார், எதை மறுத்தார், நடித்தபின் வீட்டிலும் வேலையிடத்திலும் என்ன நேர்ந்தது என்பதையும் அவர் சம்மதத்தோடு கேட்டு எழுதுங்கள்.