100 கிராமும் மழைக்கோட்டும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல வினேஷ் போகத் 100 கிராம் எடை கூடிட்டாங்கன்னு இறுதிப்போட்டி அன்னைக்குக் காலையில வெளிய அனுப்பினாங்க இல்லையா, அன்னைக்கு சிறுசேரியில எங்க ஆபீஸ் கேன்டீன்ல எல்லாருமே மல்யுத்த நிபுணர்தான். "100 கிராம்தானேப்பா, முடியை வெட்டியிருக்கலாமே"ன்னு ஒருத்தர். (அதையும் வெட்டித்தான் பார்த்தாங்க சார்.) "சதி"ன்னு இன்னொருத்தர். எனக்கென்னவோ அந்த 100 கிராமை விட அதுக்கு முந்தின கணக்குதான் பயமா இருந்துச்சு.

ஆகஸ்ட் 6 காலையில 49.9 கிலோ. மூணு போட்டி ஜெயிச்சு, கொஞ்சம் சாப்பிட்டு, தண்ணி குடிச்சதும் 52.7. அப்புறம் ராத்திரி பூரா தூங்காம ஓடி, சானாவுல உக்காந்து, மறுநாள் காலையில 50.1. ஒரே ராத்திரியில 2.6 கிலோ! அதே ஒலிம்பிக்ல அமன் ஷெராவத் 10 மணி நேரத்துல 4.6 கிலோ இறக்கி வெண்கலம் வாங்கினார், நாம கைதட்டினோம். ரெண்டு பேரும் செஞ்சது ஒரே வேலை. முள்ளு நின்ன இடம்தான் வேற.

ராத்திரியோட ராத்திரியா கொழுப்பு கரையாதுங்க. போறது தண்ணி. ஒரு லிட்டர் வியர்வை போனா ஒரு கிலோ குறையும், கூடவே ரத்தத்தோட அளவும் குறையும், இதயம் படபடன்னு அடிக்கும், உடம்புச் சூடு ஏறும்.

பாரிஸோட முடியற கதைன்னா விட்டிருப்பேன். போன மே மாசம் மாமல்லபுரம் கடற்கரையில ரெண்டு பசங்க மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு ஓடறாங்க. வானத்துல பொட்டு மேகம் இல்லை. கேட்டா, "பாக்சிங் போட்டிண்ணா, இன்னும் ரெண்டு கிலோ இறக்கணும்". பதினாறு வயசு இருந்தா அதிகம். யூடியூப்ல கத்துக்கிட்டானாம். நம்ம கடலோரப் புழுக்கத்துல சும்மா நடந்தாலே சட்டையைப் பிழியலாம். வியர்வை காஞ்சாத்தான் உடம்பு குளிரும், அந்தக் கோட்டுக்குள்ள எங்க காயறது?

அமெரிக்காவுல 1997 கடைசியில, அஞ்சு வாரத்துக்குள்ள மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படித்தான் செத்துப்போனாங்க. காத்துப் புகாத உடுப்பு, சூடான இடம், விடாத பயிற்சி. அப்புறம்தான் அந்த உடுப்பையும் சானாவையும் தடை பண்ணி, எடை பார்க்கிற நேரத்தைப் போட்டிக்கு ஒட்டிக் கொண்டு வந்தாங்க. 2015 டிசம்பர்ல சீன வீரர் யாங் ஜியான் பிங் எடை குறைக்கப்போய் இறந்த பிறகு, ஒன் சாம்பியன்ஷிப் எடையோட சிறுநீரையும் சோதிக்க ஆரம்பிச்சது. உடம்புல தண்ணி கம்மின்னா எடை சரியா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

எல்லாரும் மூணு கிலோ வத்திட்டு வந்தா எதிர்ல நிக்கறவனும் வத்தினவன்தானே, இதுல யாருக்கு என்ன லாபம்? (அப்ரைசலுக்காக மொத்த டீமும் ராத்திரி பத்து வரைக்கும் உக்கார்ற கதைதான்.) தனியா ஒரு பையன்கிட்ட "இறக்காதே"ன்னா அவன் தோத்துடுவான். விதியைத்தான் மாத்தணும்.

மாவட்டப் போட்டியில எடை மெஷின் பக்கத்துல சிறுநீர் சோதனைப் பட்டை வைக்க பெருசா என்ன செலவாகிடப்போகுது? மேலக்கோட்டையூர்ல விளையாட்டுப் பல்கலைக்கழகமே வச்சிருக்கோம், பயிற்சியாளர்களுக்கு அங்க ஒரு நாள் வகுப்பு எடுக்கலாம். 18 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்கு, சீசன் தொடக்கத்துல நல்லா தண்ணி குடிச்சு எடுத்த எடை எதுவோ, அந்த வருஷம் அதுக்குக் கீழ உள்ள பிரிவுல பேரே வாங்கக்கூடாது.