சட்டத்தின் சொல்லும் காவிரியின் நீரும்

கீழ்க்கோர்ட்டில் தோற்றாலும் மேல்கோர்ட்டில் வழக்கை முதலிலிருந்து நடத்திக்கொள்ளலாம் என்று நம்மவர் பலர் எண்ணியிருக்கின்றனர். கௌதள்ளி அன்பர்களிடையே நிலத் தகராறு பற்றிப் பேச்செழும்போதும் இக்கருத்தையே கேட்கிறோம். இது சரியன்று. அப்பீல் என்பது மறு விசாரணையன்று; நடந்த விசாரணையைச் சீர்தூக்கிப் பார்ப்பதே அதன் பணி.

சிவில் வழக்கில் முதல் அப்பீல் மன்றம் சாட்சியத்தையும் சட்டத்தையும் ஆராயும். எனினும், சாட்சியின் முகத்தை நேரில் கண்டவர் கீழ்க்கோர்ட் நீதிபதியே என்பதை அது மறப்பதில்லை. இரண்டாம் அப்பீலிலோ, முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் ஹைகோர்ட் தலையிடும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு அவ்வாறு வரையறுக்கிறது.

மேல் மன்றம் சொற்களுக்கு எங்ஙனம் பொருள் காண்கிறது? நம் வாழ்வைத் தொட்ட காவிரி வழக்கையே பார்ப்போம். 1990-இல் அமைந்த நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-இல் இறுதித் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் சுப்ரீம் கோர்ட்டை நாடின. மத்திய அரசு ஒரு தடை எழுப்பிற்று. 1956-ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டத்தின் 6(2) பிரிவு, நடுவர் மன்றத் தீர்ப்புக்குச் சுப்ரீம் கோர்ட் டிகிரியின் வலிமை உண்டு என்கிறது. அப்படியானால் அதன் மீது அதே கோர்ட்டில் அப்பீல் ஏது என்பது வாதம்.

2016 டிசம்பர் 9-இல் மூன்று நீதிபதிகள் இதை மறுத்தனர். ‘வலிமை’ என்ற சொல் தீர்ப்பை நிறைவேற்றும் பொருட்டு இடப்பட்டது. நடுவர் மன்றத்தைச் சுப்ரீம் கோர்ட்டாகவே மாற்றுவதற்கன்று. அரசியல் சட்டத்தின் 136-ஆம் விதி தந்த அதிகாரம் அதனால் அகலாது என்றனர். ஒரு சொல் எதற்காகச் சட்டத்தில் வந்தது என்று கண்டு, அந்த அளவோடு நிறுத்தும் முறை இதுவே.

2018 பிப்ரவரி 16-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. மொத்த நீர் 740 டி.எம்.சி. என்ற கணக்கு அப்படியே நின்றது. கேரளம், புதுச்சேரி ஆகியவற்றின் பங்கும் மாறவில்லை. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி. கணக்கிற் கொள்ளப்பட்டது, பெங்களூரின் குடிநீருக்கு 4.75 டி.எம்.சி. கூட்டப்பட்டது. ஆதலால் கர்நாடகம் விடவேண்டிய 192 டி.எம்.சி., 177.25 ஆயிற்று. பிழை என்று கண்ட பகுதியை மட்டும் திருத்தி, ஏனையதை நிலைநிறுத்துவதே மேல் மன்றத்தின் இயல்பு.

1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரி ஆணைகளையொட்டி எழுந்த வன்முறையில் கர்நாடகத் தமிழர் அடைந்த இன்னலை நாம் அறிவோம். கோர்ட்டின் ஆணையைத் திருத்த வழி உண்டு; தெருவில் எரிந்த பஸ்ஸுக்கும் போன உயிருக்கும் அப்பீல் இல்லை. ஆகவே, ஆணை ஒன்று வெளிவந்தால், அதில் உள்ளது இன்னது, இனி உள்ள வழி இன்னது என்று அண்டை வீட்டாருக்கு அவர்தம் கன்னடத்திலேயே அமைதியாக எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

சொந்த வழக்குடைய அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. சிவில் டிகிரியின் மீது ஹைகோர்ட்டில் அப்பீல் செய்ய 90 நாட்களும், ஏனைய கோர்ட்டுகளில் 30 நாட்களும் தவணை. தீர்ப்பின் சான்று நகல் பெறச் செல்லும் காலம் இதில் கழிக்கப்படும். நகலுக்கு உடனே மனுச் செய்க. நாளை என்று தள்ளற்க.