எல்லாக் கேள்விக்கும் ஒரே மார்க்கா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. எதை வாங்குவதாக இருந்தாலும், முதலில் இன்டர்நெட்டில் இரண்டு பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். மிக்சி, வாஷிங் மெஷின் போன்றவற்றிற்கு இது நல்ல பழக்கம்தான். ஆனால், பத்துப் பன்னிரண்டு லட்சம் கொடுத்துக் கார் வாங்கும்போது, இணைய தளம் தருகிற ஒப்பீட்டுப் பட்டியலை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பட்டியல் பொய் சொல்கிறது என நான் கூறவில்லை. அதில் உங்கள் வீட்டுக் கேள்விகள் இருப்பதில்லை. அந்தக் கேள்விகளை நீங்கள்தான் எழுத வேண்டும். அதற்குத் தேவையான சாப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது 2025 தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு. எங்கள் ஊர் திருத்தணி. பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மவுஸைப் பிடிப்பதில் தொடங்கி நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் காலையில் ஆறு பக்கப் பிரிண்ட் அவுட்டுடன் வந்து நின்றார். ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா என்னும் இரண்டு நடுத்தர செடான் கார்களின் ஒப்பீட்டுப் பட்டியல். செடான் என்றால், பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் குடும்பக் கார். ஒவ்வொரு வசதிக்கும் எதிரே டிக் அல்லது பெருக்கல் குறி. எத்தனை டிக் எனப் பென்சிலால் எண்ணி, விடைத்தாள் திருத்தியதுபோல் ஓரத்தில் கூட்டுத் தொகையும் போட்டிருந்தார்.

"டர்போ இன்ஜின் உள்ள டாப் மாடல்தான் தம்பி ஜெயிக்குது. 160 குதிரை சக்தி. பி.எஃப். பணத்துல ஒரு பகுதியைப் போட்டு, மீதி பத்து லட்சம் லோன் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் பட்டியலைப் பார்த்தேன். சன்ரூஃப் ஒரு டிக். சீட்டுக்குக் காற்று வீசும் வசதி ஒரு டிக். ஆறு ஏர்பேக்குக்கும் அதே ஒரு டிக்தான். "சார், நீங்க போட்ட கொஸ்டின் பேப்பர்ல எல்லாக் கேள்விக்கும் ஒரே மார்க்கா கொடுத்தீங்க?" எனக் கேட்டேன். சிரித்துவிட்டார். அன்றைக்கே அவர் வீட்டில் உட்கார்ந்து எங்கள் பட்டியலைத் தயாரித்தோம்.

முதலில் காலி ஒர்க்ஷீட்

எக்செல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையேல் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைத் திறந்திடலாம். முதல் நெடுவரிசையில் உங்கள் கேள்வி. இரண்டாவதில் அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என 1 முதல் 10 வரை ஓர் எண். மூன்றாவதும் நான்காவதும் இரண்டு கார்களுக்கான மார்க். முக்கியத்துவ எண்ணையும் மார்க்கையும் பெருக்கிக் கீழே கூட்டினால் ஒவ்வொரு காருக்கும் ஒரு மொத்தம் கிடைக்கும். பார்முலா சமன் குறியுடன் தொடங்க வேண்டும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் ஆசிரியர் வீட்டில் எழுந்த கேள்விகள் எந்த இணைய தளத்திலும் இல்லாதவை. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் முடியவில்லை. ஒரு காலத்தில், ஒவ்வொரு டிசம்பர் 31 அன்றும் படித் திருவிழாவில் 365 படிகளையும் ஏறி முருகனைத் தரிசித்தவர். இப்போது மடக்கும் சக்கர நாற்காலி இல்லாமல் வெளியே போக முடியாது. மாதம் இரு முறை வேலூருக்குச் சிகிச்சை. மகள் இருப்பது திருப்பதியில். ஆகவே முதல் கேள்வி, அம்மா ஏறி இறங்க முடியுமா? இரண்டாவது, சக்கர நாற்காலி டிக்கியில் போகுமா? இந்த இரண்டுக்கும் முழுமையாக 10. பாதுகாப்புக்கும் 10. மாதத் தவணைக்கு 9. சர்வீஸ் சென்டர் தூரத்திற்கு 7. மைலேஜுக்கு 3. சன்ரூஃபுக்கு அம்மாவே 0 போடச் சொல்லிவிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முக்கியத்துவ எண்களைக் காரைப் பார்க்கும் முன்பே எழுதி, பைலைச் சேவ் செய்துவிடுங்கள். மனசுக்குப் பிடித்த கார் தோற்கும்போது, அந்த எண்களை மெல்ல மாற்றி அதை ஜெயிக்க வைக்கத் தோன்றும். கம்ப்யூட்டர் உங்களைத் தடுக்காது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் கூட்டிக் காட்டும்.

பெட்ரோல் கணக்கு

கார் என்றதும் நம்மவர்கள் முதலில் சண்டை போடுவது மைலேஜ் பற்றித்தான். ஏஆர்ஏஐ சோதனைப்படி, டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில், ஆட்டோமேட்டிக் கியர் உள்ள சிட்டி லிட்டருக்கு 18.4 கிலோமீட்டர்; வெர்னா 19.6. பார்த்தால் பெரிய வித்தியாசம் போலத் தோன்றும்.

ஆசிரியரின் ஓட்டத்தைக் கணக்கிட்டோம். வேலூர் போய் வர சுமார் 160 கிலோமீட்டர், மாதம் இரு முறை. திருப்பதிக்கு ஒரு முறை 140. சென்னைக்கு ஒரு முறை 170. ஊருக்குள் 70. மொத்தம் மாதம் 700. வருடத்திற்கு 8,400 கிலோமீட்டர். இதற்குச் சிட்டிக்கு சுமார் 457 லிட்டரும், வெர்னாவுக்கு 429 லிட்டரும் தேவை. வித்தியாசம் 28 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என வைத்தால் வருடத்திற்கு 2,800 ரூபாய். சாலையில் உண்மையான மைலேஜ் இரண்டுக்குமே குறையும். அப்படியும் இந்த வித்தியாசம் காரைத் தீர்மானிக்கிற அளவுக்கு வளராது.

தவணைக் கணக்கு

பணம் போகிற இடம் வேறு. ஸ்பிரெட்ஷீட்டில் பிஎம்டி என ஒரு ஃபங்ஷன் உண்டு. ஆங்கிலத்தில் பி, எம், டி என மூன்று எழுத்துகள். அடைப்புக் குறிக்குள் முதலில் மாத வட்டி, அதாவது 9% வகுத்தல் 12; அடுத்து மாதங்களின் எண்ணிக்கை; மூன்றாவதாகக் கடன் தொகை. காற்புள்ளி இட்டுப் பிரித்து என்டர் தட்டவும். விடை மைனஸ் குறியுடன் வந்தால் பயப்பட வேண்டாம். கையை விட்டுப் போகும் பணம் என்பதைத்தான் அது அப்படிக் காட்டுகிறது.

பத்து லட்சம், 9% வட்டி, 84 மாதம் எனக் கொடுத்தோம். மாதம் 16,089 ரூபாய். ஏழு வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 3,51,500. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு கடனை ஏழு லட்சமாகக் குறைத்து, 60 மாதம் எனக் கொடுத்தோம். மாதம் 14,531; மொத்த வட்டி சுமார் 1,72,000. தவணையும் குறைவு, கடனும் இரண்டு வருடம் முன்பே முடிகிறது, வட்டியில் மிச்சம் ஏறத்தாழ 1,80,000 ரூபாய். பென்ஷனில் தவணை கட்டப் போகிறவருக்கு இது சாதாரணத் தொகை இல்லை.

கடனை எப்படிக் குறைப்பது? டாப் மாடலை விட்டு நடு மாடலுக்கு இறங்குவதுதான் வழி. இங்கே வரியும் சேர்ந்து உதவுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட ஆயுள் வரிப்படி, பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை விலையுள்ள புதிய காருக்கு 18% கட்ட வேண்டும். காரின் விலை 2,50,000 குறைந்தால் வரியில் மட்டும் 45,000 மிச்சம். இரண்டும் சேர்ந்தால் மூன்று லட்சம் பக்கம் வந்துவிடுகிறது. 160 குதிரை சக்தியை விட்டுக் கொடுத்தாலும், டர்போ இல்லாத வெர்னாவில் 115, சிட்டியில் 121 குதிரை சக்தி இருக்கிறது. கிருத்திகை அன்று நம் மலைப் பாதையில் முன்னால் நூறு வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது, 160 இருந்து என்ன செய்வது?

இணைய தளத்தில் மூன்று பொறிகள்

முதலாவது, மாடல். ஒப்பீட்டுத் தளத்தில் இரண்டு கார்களின் பெயரையும் கொடுத்ததும், எந்த வேரியண்ட் திரைக்கு வருகிறது எனக் கவனியுங்கள். ஒன்றின் டாப் மாடலும் மற்றதன் அடி மாடலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது ஒப்பீடே ஆகாது. ஒரே விலை, ஒரே வகைக் கியர் உள்ளவற்றை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, தேதி. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 45% ஆக இருந்தது 40% ஆகக் குறைந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்களில் பழைய விலையே இருக்கும். ஆசிரியரின் ஆறு பக்கத்தில் இரண்டு பக்கம் அப்படித்தான்.

மூன்றாவது, நட்சத்திரம். 2023-ல் வெளிவந்த வெர்னாவுக்கு, அதே ஆண்டு அக்டோபரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரு பிரிவிலும் 5 நட்சத்திரம் கிடைத்தது. சிட்டிக்கு 2022-ல் அதே அமைப்பு 4 நட்சத்திரம் கொடுத்தது எனப் பல பக்கங்களில் காணலாம். ஆனால் அது நான்காம் தலைமுறைச் சிட்டி. இந்தியாவில் 2020 ஜூலையில் வந்த ஐந்தாம் தலைமுறைக்கு ஆசியான் என்கேப் அந்த ஆண்டே 5 நட்சத்திரம் தந்தது. அது வேறு அமைப்பின் சோதனை. பெயர் ஒன்றாக இருந்தாலும் கார் வேறாக இருக்கலாம். எந்த ஆண்டு, எந்தத் தலைமுறை, எந்த அமைப்பு என்ற மூன்றையும் பார்த்த பிறகே நட்சத்திரத்தை எண்ணுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். "ஆன்ரோடு விலை அறிய மொபைல் எண் தரவும்" எனக் கேட்டதும் ஆசிரியர் நல்ல பிள்ளையாகக் கொடுத்துவிட்டார். மறுநாள் முழுவதும் போன் ஓயவில்லை. கார் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே பிரோஷர் பைல் கிடைக்கும். அதை டவுன்லோட் செய்தால் போதும்.

கம்ப்யூட்டர் சொல்லாதது

வெர்னாவின் டிக்கி 528 லிட்டர். சிட்டியின் டிக்கி 506. வித்தியாசம் 22 லிட்டர், அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம். சக்கர நாற்காலி போகுமா என்பதை இந்த எண் சொல்லாது. டிக்கியின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரத்திற்குத் தூக்க வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி. அதேபோல், முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் வெர்னாவில் 2,670 மில்லிமீட்டர், சிட்டியில் 2,600. ஆனால் வெர்னாவின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் வடிவம். முழங்கால் முடியாதவர் குனிந்து, உடம்பைத் திருப்பி உட்கார எது சுலபம் என்பதை அவரே உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தெருவில் ஒருவர், "வெர்னா நம்ம இருங்காட்டுக்கோட்டையில செய்யறது சார், சிட்டி ராஜஸ்தான்ல இருந்து வரணும்" என்றார். உண்மைதான். ஆனால் கார் எங்கே பிறந்தது என்பதைவிட, பழுதானால் எங்கே கொண்டு போக வேண்டும் என்பதே முக்கியம். வீட்டிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என மேப்பில் பார்த்து அதையும் ஷீட்டில் எழுதினோம்.

முதல் இரண்டு கேள்விகளுக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டு, ஷீட்டைப் பிரிண்ட் எடுத்தோம். ஒரு வாடகைக் காரில் அம்மாவையும் சக்கர நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு இரண்டு ஷோரூமுக்கும் போனோம். ஷோரூமுக்குச் சக்கர நாற்காலியுடன் போவதற்கு ஆசிரியர் முதலில் கூச்சப்பட்டார். அம்மாதான், "தினம் அதுல உட்காரப் போறது நான்தானே, வாங்க" என்றார். இரண்டு காரிலும் மூன்று முறை ஏறி இறங்கினார். நாற்காலியை ஆசிரியரே தூக்கி வைத்துப் பார்த்தார். காலி இடத்தில் மார்க் போட்டது அம்மா. வீட்டுக்கு வந்து அவற்றைக் கம்ப்யூட்டரில் கொடுத்ததும், பென்சிலால் எண்ணிய டிக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒத்துப் போகவில்லை.

எந்தக் கார் வாங்கினார் என நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் சிலர் ஷீட்டைத் திறக்காமல் அதையே வாங்கப் போய்விடுவீர்கள். அது அவர்கள் வீட்டுக்கான விடை. உங்கள் வீட்டில் முழங்கால் வலி இல்லாமல் இருக்கலாம். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கலாம். ஓட்டம் மாதம் 2,000 கிலோமீட்டராக இருந்தால் மைலேஜுக்கே 8 மார்க் போட வேண்டி வரலாம். நடு மாடல், ஐந்து வருடக் கடன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். காருக்குப் பூஜை போட்டதும் முதலில் மலைக்குத்தான் போனார்கள். படி ஏறாமல் வருகிறோமே என அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் வந்துவிட்டேனே என்றாராம்.

இன்று இரவு கம்ப்யூட்டரைத் திறந்ததும், கார் தளங்களுக்குப் போகும் முன் ஒரு காலி ஒர்க்ஷீட்டைத் திறந்திடுங்கள். வீட்டில் உள்ள எல்லாரையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு கேள்வி எழுதச் சொல்லுங்கள். பைலைச் சேவ் செய்த பிறகு இணையத்திற்குப் போகலாம்.