மெய்யோலை அறியும் பயிற்சி

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் தோன்றிய ஊராகும். அவருடைய திருமண நாளன்று முதியவர் ஒருவர் வந்து, அவரைத் தமக்கு வழிவழி அடிமை என வழக்கிட்டு ஓலையொன்றைக் காட்டினார்; சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே. மூல ஓலை பின்னர்த் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்பெற்றது. வந்த முதியவர் இறைவனே ஆயினும், அவையத்தார் ஓலையைச் சோதியாமல் ஏற்றிலர். சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

இன்று அவ்வோலையின் இடத்தைக் கைப்பேசிச் செய்தி பெற்றுள்ளது. வங்கிக் கணக்கு முடங்கிவிடும் என அச்சுறுத்தி, உடனே ஓர் இணைப்பைத் தொடுமாறு பணிக்கும் பொய்ச்செய்திகள் பல. அஞ்சியவர் ஆராய்வதில்லை, ஆராயாதவர் பொருளை இழக்கின்றனர். ஆதலின், இணையப் பாதுகாப்புக் கல்வி ஒப்புநோக்கும் பழக்கத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இக்கல்வியை விதிகளாக மனப்பாடம் செய்வித்தல் போதாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ? மூன்று எண் சக்கரங்கள் உடைய பூட்டொன்றை மாணவர் கையிற் கொடுத்து, 000 முதல் 999 வரை திருப்பச் செய்தல் நன்று. ஓர் எண்ணுக்கு 2 நொடி ஆயினும், 34 நிமிடத்திற்குள் பூட்டுத் திறந்துவிடும். நான்காம் சக்கரம் சேரின் காலம் பத்து மடங்காகும். கடவுச்சொல் நீண்டிருத்தல் ஏன் வேண்டும் என்பதை மாணவர் தம் விரல்களாலேயே உணர்வர். அவ்வாறே மெய்யும் பொய்யுமாகிய பத்துச் செய்திகளைப் பிரித்துக் காரணம் கூறச் செய்யலாம். கோப்பொன்றைப் படியெடுத்து, மூலத்தை அழித்து, படியிலிருந்து மீட்கச் செய்யலாம். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்க்கென இத்தகைய புதிர்ப்போட்டியை 2013ஆம் ஆண்டிலேயே தொடங்கியது.

பூட்டைத் திறக்கக் கற்பித்தல் திருட்டைக் கற்பித்தல் ஆகாதோ என்பர் சிலர். திறக்கும் வழி அறியாதவன் நல்ல பூட்டுச் செய்ய வல்லனல்லன். ஆயினும் எல்லை உண்டு. பயிற்சி தமக்குரிய கருவியிலும் இசைவு பெற்ற கருவியிலும் மட்டுமே நிகழ்தல் வேண்டும். பிறர் கணினியில் இசைவின்றித் தீய நோக்குடன் புகுதல், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமாகும். இவ்வறத்தை முதற்பாடமாகவே புகட்டுதல் கடன்.

எவ்வளவு பயின்றவரும் ஒருநாள் ஏமாறக்கூடும். அந்நிலையில் நாணி மறைத்தல் தகாது. 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்கு உடனே அறிவித்தலே அறிவுடைமை. கேட்டதை நம்புதல் எளிது. சோதித்துத் தெளிதல் பயிற்சியால் வருவது. அப்பயிற்சியைத் தருவதே பள்ளியின் பணி.